14 நொடிப் பந்தயமும் 85 ஆயிரம் ரூபாயும்

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், நன்றாக நீந்துவான். வெளிநாட்டில் நடந்த 50 மீட்டர் மூச்சடக்கு நீச்சல் பந்தயத்தை வீடியோவில் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. மோனோஃபின் (இரண்டு காலையும் ஒன்றாக நுழைத்து நீந்தும் ஒற்றைத் துடுப்பு), ஏற்காட்டில் ஐந்து நாள் மூச்சுப் பயிற்சி முகாம் எல்லாம் சேர்த்து ஒருவர் 85 ஆயிரம் கேட்கிறார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் உறுதி என்கிறார். மூச்சை அடக்குவதால் மூளைக்கு ஏதும் ஆகுமா?
- ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

பதில்: பந்தயத்தால் ஆகாது. உலக அளவில் முன்னணியில் இருக்கும் ஆண்கள் மோனோஃபின் மாட்டி அந்த 50 மீட்டரை 14 நொடியை ஒட்டியே முடித்துவிடுகிறார்கள். முகம் தண்ணீருக்கு வெளியே வந்தால் தகுதி நீக்கம், அதனால்தான் பார்க்கப் பயமாக இருக்கிறது. உங்கள் பையனுக்கு 25 நொடி ஆனாலும், வலிப்பு, இதயக் கோளாறு இல்லாத உடம்பு அதைத் தாங்கும்.

ஆபத்து பயிற்சியில் இருக்கிறது. "குதிப்பதற்கு முன் வேகமாக முப்பது தடவை மூச்சு வாங்கு" என்று சொல்லித் தருகிறார்களா, முதலில் அதைக் கேளுங்கள். மூச்சு வாங்கத் தோன்றுவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். வேகமாக மூச்சு வாங்கினால் அது வெளியேறிவிடும். ஆக்ஸிஜன் பெரிதாக ஏறாது. வீட்டில் புகை வந்தால் அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணியை முன்பே கழற்றி வைத்த கதைதான். பையனுக்கு மூச்சு முட்டாது, சுகமாக இருக்கும், அப்படியே நீருக்குள் மயங்குவான். நிதானமாக இரண்டு மூச்சு போதும். தனியாக ஒருநாளும் வேண்டாம். கரையில் நிற்பவர் செல்போன் பார்க்கக் கூடாது. பையன் மேலே வந்த பிறகும் அரை நிமிடம் அவன் முகத்தையே பார்க்க வேண்டும்.

ஏற்காடு முகாமா? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அவ்வளவு குறையும். உயரத்துக்கு உடம்பு பழகிப் பலன் தர வாரக்கணக்கில் ஆகும், அதற்கும் இன்னும் உயரமான இடம் வேண்டும். ஐந்து நாளில் கிடைப்பது இருபது கொண்டை ஊசி வளைவும் வாந்தியும்தான்.

மோனோஃபினை இப்போது வாங்காதீர்கள். வளரும் கால். பிடியாகப் பொருந்தினால்தான் அது வேலை செய்யும். அடுத்த வருடம் கடிக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு வருடமாக ஒரே செருப்பு அளவு, காலுக்கு ஒன்றாக மாட்டும் இரட்டைத் துடுப்பில் ஆறு மாதம் ஒழுங்காக நீந்தியிருக்கிறான், போட்டிக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது என்றால் வாங்கலாம். அளவு நின்றும் இரட்டைத் துடுப்பு பழகவில்லை என்றால் கூடாது. பழகியும் அளவு மாறிக்கொண்டிருந்தால் இரவல் வாங்குங்கள். எப்படி வாங்கினாலும் நீருக்கடி விளையாட்டுகளின் சர்வதேசக் கூட்டமைப்பான சி.எம்.ஏ.எஸ்-இன் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். தரகர் தலையில் கட்டுவது பெரும்பாலும் முத்திரை இல்லாத சரக்கு.

அப்புறம் அந்த "சீட் உறுதி". இந்தத் துடுப்பு நீச்சல் ஒலிம்பிக் விளையாட்டு அல்ல. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கு நடக்கும் 'வேர்ல்ட் கேம்ஸ்' போட்டியில் உண்டு. எந்த விளையாட்டு, எந்தப் படிவம், யார் கையெழுத்து என்பது அந்தந்த வருட விண்ணப்பக் கையேட்டில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஓர் அலுவலகத்தில் என்னையே மூன்று மேசைக்கு அலைய விட்டார்கள். தரகர்கள் பிழைப்பதே அந்த மேசைகளுக்கு நடுவில்தான். சீட்டுக்கு என்று எழுதி, கையெழுத்திட்டு ரசீது தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.