1 எச்.பி. மோட்டாரில் கத்தி தேய்க்க பெல்ட் கிரைண்டர்: எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது

கேள்வி: லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டையில் சமையல் கத்தியும் தோட்டக் கத்தியும் செய்து பழகுகிறேன். ஆங்கிள் கிரைண்டரில் தேய்த்தால் பக்கங்கள் அலை அலையாக வருகின்றன, முனை நீலம் பாய்ந்துவிடுகிறது. என்னிடம் 1 எச்.பி., சிங்கிள் ஃபேஸ், 1440 ஆர்.பி.எம். பழைய மோட்டார் ஒன்று இருக்கிறது. வெல்டிங் தெரியும், பக்கத்தில் லேத் பட்டறை உண்டு. 15 ஆயிரம் ரூபாய்க்குள் பெல்ட் கிரைண்டர் கட்ட முடியுமா? வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. வாங்க வேண்டுமா? வீலுக்கு ஸ்கேட்டிங் சக்கரம் போடலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: வி.எஃப்.டி. வேண்டாம். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கருவி த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கானது. உங்கள் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கும் கெப்பாசிட்டரும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் இருக்கும். வேகம் குறைந்ததும் அந்தச் சுவிட்ச் மூடிக்கொண்டு ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் தொடர்ந்து ஓடவிடும், சிறிது நேரத்தில் வைண்டிங் கருகும். ஸ்கேட்டிங் சக்கரமும் வேண்டாம். அகலம் போதாது, பாலியூரித்தேன் சூட்டில் இளகும். மோட்டார் கையில் இருப்பதால் 15 ஆயிரத்துக்குள் அடக்கலாம், ஆனால் பணம் போகவேண்டிய இடம் லேத் பட்டறை. இரும்பைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்குங்கள். வீல் கடைசலில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஆங்கிள் கிரைண்டர் ஏன் படுத்துகிறது? 100 மி.மீ. டிஸ்க் 11,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர் ஓடும். இரும்பைத் தொடுவதோ விரல் நகம் அளவு இடம். அத்தனை சூடும் அந்த ஓர் இடத்தில் இறங்குகிறது, கை கொஞ்சம் அசைந்தாலும் பள்ளம் விழுகிறது. பெல்ட் கிரைண்டரில் கத்தியின் பக்கம் முழுவதும் ஒரு தட்டையான தகட்டின் மேல் உட்காரும். அலை போவதற்கு அதுதான் காரணம், வேகம் அல்ல.

பழகிய கைகள் 2 எச்.பி. மோட்டாரில் நொடிக்கு 20 முதல் 25 மீட்டர் வரை பெல்ட்டை ஓட்டுவார்கள். காணொளிகளில் தீப்பொறி மழையாகக் கொட்டுவது அந்த வேகத்தில்தான். 1 எச்.பி.க்கு அதை ஆசைப்பட வேண்டாம், கணக்கைப் பாருங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். பெல்ட் 22 மீட்டரில் ஓடினால் மோட்டார் தரக்கூடிய இழுவிசை சுமார் மூன்றரை கிலோ. கத்தியைச் சற்று அழுத்தினாலே பெல்ட் திணறி நிற்கும். 15 மீட்டரில் ஏறக்குறைய 5 கிலோ, 9 மீட்டரில் 8 கிலோ கிடைக்கும். வீட்டு மின்சாரம் மாலையில் 200 வோல்ட்டுக்கு இறங்கும் இடங்களில் இன்னும் மோசம். முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 230-லிருந்து 200-க்கு வந்தால் கால்வாசி போய்விடும். ஆகவே உங்கள் இயந்திரத்தின் உச்ச வேகத்தை 15 மீட்டர் சுமாரில் நிறுத்துங்கள்.

வேகம் மாற்ற மூன்று படி புல்லி

மோட்டார் ஷாஃப்டில் நேராக வீலை மாட்டுவது எளிது, ஆனால் 1440 ஆர்.பி.எம்.மில் 100 மி.மீ. வீல் நொடிக்கு ஏழரை மீட்டர்தான் ஓட்டும். அதனால் நடுவில் ஒரு ஷாஃப்ட் போடுங்கள். இ.என். 8 என்ற எஃகில் 20 மி.மீ. ராடு, அதைத் தாங்க யு.சி.பி. 204 பிளம்மர் பிளாக் (கால் வைத்த பேரிங் கூடு) இரண்டு, இடைவெளி 150 மி.மீ. மோட்டாரிலும் ஷாஃப்டிலும் 75, 100, 125 மி.மீ. படிகள் கொண்ட ஏ செக்‌ஷன் ஸ்டெப் புல்லி, ஒன்றை மற்றதற்குத் தலைகீழாக மாட்ட வேண்டும். எதிரெதிர்ப் படிகளின் கூட்டுத்தொகை எப்போதும் 200 என்பதால் ஒரே வி பெல்ட் மூன்றுக்கும் போதும். ஷாஃப்ட் முனையில் 125 மி.மீ. டிரைவ் வீல்.

மோட்டாரில் 125, ஷாஃப்டில் 75 என்றால் ஷாஃப்ட் 2400 ஆர்.பி.எம்., பெல்ட் நொடிக்கு 15.7 மீட்டர்: பட்டையை உருவத்துக்குக் கொண்டுவர. 100-க்கு 100 என்றால் 9.4 மீட்டர்: வாயை நோக்கிப் பக்கங்களைச் சரிவாக இறக்க. 75-க்கு 125 என்றால் 864 ஆர்.பி.எம்., 5.6 மீட்டர்: பதம் வைத்த (சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) கத்திக்கும் மரப் பிடிக்கும். 75-க்குக் கீழே புல்லி வைக்காதீர்கள், ஏ செக்‌ஷன் பெல்ட் அவ்வளவு சிறிய வட்டத்தில் வளைந்தால் சூடாகி வெடிக்கும். இந்த அமைப்பில் இன்னொரு லாபமும் உண்டு. மோட்டார் பின்னால் தள்ளிப் போய்விடுவதால் இரும்புத் தூள் அதன் மேல் நேராகக் கொட்டாது.

அந்த மோட்டார் முழுக்க மூடிய, பின்னால் விசிறி வைத்த வகையா என்று பாருங்கள். காற்றுத் துளை திறந்திருந்தால் இரும்புத் தூள் உள்ளே புகுந்து வைண்டிங்கைத் தின்னும். மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக வரும் மோனோபிளாக்கிலிருந்து கழற்றியது என்றால் காலும் இராது, ஷாஃப்டும் இம்பெல்லருக்கென்று கடைந்ததாக இருக்கும். அதில் மல்லுக்கட்டாமல் காலுள்ள வேறு மோட்டார் தேடுவது நல்லது. சுழலும் திசையையும் இப்போதே சோதியுங்கள். முன்புறம் பெல்ட் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். திசை தவறென்றால் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரு முனைகளை மாற்றினால் போதும்.

வீல்கள்

பெல்ட்டை முதலில் வாங்குங்கள், ஃபிரேமைப் பிறகு வெட்டலாம். 2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்று, அதாவது 50 × 1830 மி.மீ. உலகம் முழுக்கக் கத்தி செய்பவர்கள் வாங்கும் அளவு இது. வேறு அளவில் கட்டினால் பின்னால் ஒவ்வொரு பெல்ட்டையும் சொல்லி ஒட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

நான்கு வீல்கள்: 125 மி.மீ. டிரைவ் வீல், மேலே பெல்ட்டை நடுவில் நிறுத்தும் 75 மி.மீ. டிராக்கிங் வீல், தேய்ப்புத் தகட்டின் மேலும் கீழும் 50 மி.மீ. வீல்கள் இரண்டு. அகலம் 50 முதல் 52 மி.மீ. அலுமினிய ராடில் கடையுங்கள். நைலான் விலை குறைவுதான், ஆனால் சூடேறியதும் பேரிங் இருக்கை தளர்ந்து வீல் ஆடத் தொடங்கும். டிரைவ் வீல் தவிர மற்ற மூன்றுக்கும் தலா இரண்டு 6202 பேரிங், ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகை. இசட்இசட் என்று தகர மூடியுடன் கொடுப்பதை வாங்காதீர்கள், அதன் இடுக்கில் எமரித் தூள் நுழைந்துவிடும். 50 மி.மீ. வீல் உச்ச வேகப் படியில் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் தூள் புகுந்த பேரிங் சில நாளில் ஊளையிடும்.

லேத்காரரிடம் மூன்றை எழுதியே கொடுங்கள்.

வெளிவட்டத்தையும் பேரிங் இருக்கையையும் ஒரே பிடியில் கடைய வேண்டும், இல்லையென்றால் மாண்ட்ரலில் (துளைக்குள் நுழைத்துப் பிடிக்கும் தண்டில்) ஏற்றி வெளிவட்டத்தைக் கடைசியாக எடுக்க வேண்டும். இரண்டுக்கும் மையம் விலகினால் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும், அந்தத் தட்டு கத்தியில் குறுக்குக் கோடுகளாகப் பதியும்.

இருக்கை 35 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக, கையால் அமுக்கினால் போகாமல் வைஸில் அழுத்தினால் போகும்படி இருக்கட்டும். அலுமினியம் எஃகைவிட இரு மடங்கு விரியும். குளிரில் ‘சரக்’கென்று போகும் பேரிங் சூட்டில் கழன்று சுற்றும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்வளையங்களைத் தொடும்படி ஒரு புஷ் வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதுதான். புஷ் இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டுப் பேரிங் இறுகிவிடும். போல்ட்டைத் தளர்த்தினால் சுற்றுகிறது, இறுக்கினால் நிற்கிறது என்று புலம்புகிறவர்களின் வீலைக் கழற்றிப் பார்த்தால் புஷ் இராது.

டிராக்கிங் வீலுக்கு மட்டும் நடுவில் மேடு வேண்டும். பெல்ட் எப்போதும் உயரமான இடத்தை நோக்கி ஏறும், பெல்ட்டை நடுவில் பிடித்து வைப்பது அந்த மேடுதான். நடுவே 10 மி.மீ. தட்டையாக விட்டு, இரு பக்கமும் 2 டிகிரி சரிவு கடைந்தால் ஓரத்தில் முக்கால் மி.மீ. இறங்கும். அது போதும். கூட்டினால் பெல்ட்டின் நடு மட்டும் இழுபட்டு ஓரம் படபடக்கும். மற்ற மூன்றும் தட்டை. டிரைவ் வீலுக்குச் சாவிப் பள்ளமும் (வீலையும் ஷாஃப்டையும் பூட்டும் கட்டைக்கான பள்ளம்) கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத திருகு) இரண்டும் வேண்டும். வெறும் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டைச் சுரண்டிக்கொண்டு நழுவும்.

ஃபிரேம்

அடிக்கு 75 × 40 சேனல். கனம் கூடக் கூட அதிர்வு குறையும், இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் தூணுக்கும் முன்னால் நீளும் உறைக்கும் 50 மி.மீ. ஸ்கொயர் பைப், கனம் நாலரை முதல் 5 மி.மீ. உறைக்குள் 38 மி.மீ. ஸ்கொயர் பைப் கைபோல நுழையும், அதன் முனையில்தான் தேய்ப்புத் தகடு. பைப்பின் உட்புறம் ஓடும் வெல்டிங் தையலை அரத்தால் ராவினால்தான் உள் பைப் போகும். கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பார்த்து வாங்குங்கள். உறையின் மேலும் பக்கத்திலும் எம் 10 நட்டுகளைப் பற்றவைத்து, போல்ட்டால் இறுக்கினால் ஆட்டம் போய்விடும்.

வெட்டுமுன் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். நான்கு வீல்களையும் இடத்தில் வைத்து, பெல்ட்டைச் சுற்றிப் போட்டு, டிராக்கிங் வீல் மேலும் கீழும் 40 மி.மீ. நகர இடம் இருக்கும்படி தூணின் உயரத்தைக் குறியுங்கள். டிராக்கிங் வீல் தாங்கும் கை தூணின் உச்சியில் ஓர் அச்சில் தராசுபோல ஆடும். வால் பக்கத்தை ஒரு ஸ்பிரிங் கீழே இழுத்தால் வீல் மேலே எழுந்து பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். பைக் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் இதற்கு அளவெடுத்ததுபோல உதவும், தேவைப்பட்டால் இரண்டு. வீலின் அச்சு உட்காரும் தகட்டை ஒரு கீலில் மாட்டி, பின்னாலிருந்து எம் 8 போல்ட்டால் தள்ளுங்கள். இரண்டு மூன்று டிகிரி சாய்வே பெல்ட்டை இடவலம் நகர்த்தும். போல்ட்டுக்கு எதிர்ப்புறம் சிறு ஸ்பிரிங் போடாவிட்டால் அதிர்வில் தானாகத் திரும்பும்.

முழு வெல்டிங் கடைசியில். முதலில் பொட்டு மட்டும் வைத்து, வீல்களை ஏற்றி, நீளமான நேர்ச்சட்டத்தை வீல் முகங்களில் வைத்து எல்லாம் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலைமட்டத்தால் அச்சுகளையும் சோதியுங்கள். கையால் சுற்றும்போது பெல்ட் நடுவில் நின்றால், பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாகப் பற்றவையுங்கள். ஒரே பக்கம் இழுத்துப் பற்றவைத்தால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை டிராக்கிங் போல்ட்டால் சரிசெய்ய முடியாது.

தேய்ப்புத் தகட்டுக்கு 50 × 10 மி.மீ. பட்டை, நீளம் 200 மி.மீ. இரு வீல்களின் முகத்தைவிட 2 மி.மீ. முன்னால் துருத்தி நிற்க வேண்டும், இல்லையென்றால் பெல்ட் தகட்டைத் தொடாமல் தொங்கும். வெறும் இரும்புத் தகடு சில மாதத்தில் நடுவே குழிந்துபோகும். உடைந்த இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடியை டயமண்ட் பிளேடால் தண்ணீர் விட்டு வெட்டி எபாக்சியில் ஒட்டினால் நெடுநாள் தாங்கும். எபாக்சி சூட்டில் இளகும் என்பதால் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு இரும்பு உதடு கட்டாயம். அந்த உதடு இல்லாத கண்ணாடி ஒருநாள் உங்கள் காலை நோக்கித்தான் வரும். கத்தியைச் சாய்த்து வைக்கும் மேசைக்கும் பெல்ட்டுக்கும் இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மின்சாரமும் முதல் ஓட்டமும்

சாதாரண சுவிட்ச் போடாதீர்கள். கான்டாக்டரும் ஓவர்லோடு ரிலேயும் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போய்த் திரும்பும்போது சுவிட்சில் இருக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கும், நீங்கள் அப்போது பெல்ட் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். ரிலேயை மோட்டார் தகட்டில் அச்சிட்ட ஆம்பியருக்கு வையுங்கள். 16 ஆம்பியர் பிளக், ஃபிரேமுக்கு எர்த், வி பெல்ட்டுக்குத் தகர மூடி.

முதல் முறை ஓட்டும்போது பெல்ட்டின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். பெல்ட்டின் உட்புறம் உள்ள அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கட்டும். திருப்பி மாட்டினால் மேலொட்டு உள்ள இணைப்பு பிரிந்துவிடும்.

பெல்ட் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. சிராமிக் பெல்ட் நல்லதுதான், ஆனால் அதில் ஒட்டிய தேய்ப்பு மணல் அழுத்தத்தில் உடைந்து புதுக் கூர் காட்டும் வகை. உங்கள் வேகத்திலும் விசையிலும் அது உடையாமல் வழுக்கிப் பளபளத்துப்போகும். முரட்டு வேலைக்கு 60 கிரிட் (எண் கூடக் கூட மணல் நுணுக்கம்) ஜிர்கோனியா, பிறகு 120, 220, 400 அலுமினியம் ஆக்ஸைடு போதும். மழுங்கிய பெல்ட்டை அழுத்தித் தேய்ப்பதுதான் கத்தி நீலம் பாய முதல் காரணம். வாளி நிறையத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், பதம் வைத்த பிறகு வெறும் விரலால் பிடித்துத் தேயுங்கள், சூடு பொறுக்கவில்லை என்றால் உடனே நனையுங்கள். வெட்டு வாயில் வைக்கோல் நிறம் தெரிந்தால் 220 டிகிரியைத் தாண்டிவிட்டது, நீலம் தெரிந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது, அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. இதைத் தவிர்க்க, பதம் வைக்கும் முன் வாயை முக்கால் மி.மீ. கனத்தில் விட்டுவிட்டு, மிச்சத்தை மூன்றாவது படியின் மெதுவேகத்தில் எடுங்கள்.

லுங்கி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் ஆகாது. துணிக் கையுறையும் வேண்டாம், பெல்ட் அதைக் கவ்வினால் விரலும் சேர்ந்து போகும். மூக்குக்குக் கைக்குட்டை பயன்படாது, என் 95 முகமூடி போடுங்கள். இரும்பு தேய்த்த அதே இடத்தில் மரப்பிடி தேய்த்தால், கூட்டாமல் விட்ட மரத்தூளில் அடுத்த நாள் தீப்பொறி விழும், அது உடனே எரியாமல் புகைந்துகொண்டே கிடந்து, நீங்கள் பட்டறையைப் பூட்டிப் போன பிறகு பற்றும். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் கீழ்த் தட்டைக் கூட்டி, தீப்பொறி விழும் இடத்தில் தண்ணீர்த் தட்டு வையுங்கள்.