எடி கரண்ட் பிரேக் சிமுலேஷனில் வேகத்தைக் கூட்டியதும் புலம் ஏன் முள் முள்ளாகத் தெறிக்கிறது?

எடி கரண்ட் பிரேக்கில், காந்தத்துக்கு எதிரே ஓடும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டமே அந்த உலோகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கேள்வி இது: 300 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள அலுமினியத் தட்டு, விளிம்புப் பக்கம் 40 மி.மீ. அகலத்தில் நிலைகாந்த முனைகள். மெஷ் (கணக்குக்காகத் தட்டை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்த வலை) 5 மி.மீ. நிமிடத்துக்கு 300 சுற்றில் ஒழுங்கான விடை வருகிறது. 1,500 சுற்றுக்கு ஏற்றினால் மின்னோட்ட அடர்த்தி ஒரு எலிமென்டில் மேலே, அடுத்ததில் கீழே என்று துள்ளுகிறது. சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வரின் டாலரன்ஸை (அது அனுமதிக்கும் பிழையளவை) எவ்வளவு இறுக்கியும் போகவில்லை. என்ன கோளாறு?

சால்வர் மேல் தப்பில்லை. அது கொடுத்த சமன்பாட்டைச் சரியாகத்தான் தீர்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்த மெஷ்ஷுக்கு அந்தச் சமன்பாட்டின் விடையே அப்படித்தான் இருக்கும். எனவே டாலரன்ஸை விட்டுவிட்டு முதலில் ஒரு எண்ணைக் கணக்கிடுங்கள். பெக்லே எண், அதாவது ஒரு எலிமென்டுக்குள் வேகத்தின் இழுப்பு புலத்தின் பரவலைவிட எவ்வளவு ஓங்குகிறது என்பதன் அளவு: காந்த உட்புகுதிறன் × கடத்து எண் × வேகம் × இயக்கத் திசையில் எலிமென்ட் நீளம், இதில் பாதி. அது 1-க்கு மேல் போனால் சாதாரண கலெர்கின் முறை (எலிமென்ட் கணக்கின் வழக்கமான வடிவம்) துள்ளும்.

உங்கள் தட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். கடத்து எண் 3.5 × 10⁷ சீமென்ஸ்/மீட்டர் என்றால், உட்புகுதிறனோடு பெருக்கி எஸ்.ஐ. அலகில் சுமார் 44. முனைகளின் நடு ஆரம் 130 மி.மீ.; அங்கே 1,500 சுற்றில் வேகம் 20.4 மீ/வி. 5 மி.மீ. மெஷ்ஷுக்கு பெக்லே எண் 2.2. 300 சுற்றில் அதே இடத்தில் 0.45. முன்பு ஏன் ஒழுங்காக வந்தது என்பதற்கு இதுவே விடை.

இது எங்கிருந்து வருகிறது? ஒரு பரிமாணத்தில், வேக உறுப்பும் பரவல் உறுப்பும் சேர்ந்த சமன்பாட்டை நோடுகளில் (எலிமென்ட்கள் சந்திக்கும் புள்ளிகளில்) எழுதித் தீர்த்தால் இரண்டு வகை விடை கிடைக்கும். ஒன்று மாறிலி. மற்றது நோடுக்கு நோடு ஒரே விகிதத்தில் பெருகுவது. அந்த விகிதம் (1 + பெக்லே) ÷ (1 − பெக்லே). பெக்லே 1-ஐத் தாண்டியதும் கீழே உள்ளது எதிர்க்குறி ஆகிவிடும். 2.2 என்றால் விகிதம் சுமார் −2.6, அதாவது ஒவ்வொரு நோடிலும் குறி மாறும். வேகம் ஏற ஏற விகிதம் −1-ஐ நெருங்கும். அப்போது துள்ளல் அடங்காமல் எலிமென்ட் எலிமென்டாக நீண்டுகொண்டே போகும்.

இதை உண்மையான புலத்திலிருந்து பிரித்தறிய எளிய வழி உண்டு. நிஜத்தில் தட்டு தன்னோடு இழுத்துச் செல்லும் புலத்தின் வால் காந்தத்தைத் தாண்டிய பக்கத்தில், தட்டு போகும் திசையில் கிடக்கும். மெஷ் உண்டாக்கும் முட்கள் காந்த விளிம்புக்கு முன்னால், தட்டு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் நிற்கும். முனை நடு ஆரத்தில் ஒரு வட்டக் கோடு போட்டு, புலத்தின் செங்குத்துக் கூறை அதன் மேல் வரைந்து பாருங்கள். வழவழப்பான வண்ணப்படத்தை நம்ப வேண்டாம். பல மென்பொருள்கள் நோடுகளில் சராசரி எடுத்துத்தான் படம் போடுகின்றன. முட்கள் அதில் பாதி மறைந்துவிடும். சராசரியை அணைத்துவிட்டு எலிமென்ட் வாரியாகப் பார்க்க வேண்டும்.

அலுமினியத் தட்டுக்குத் தீர்வு சுலபம்: மெஷ்ஷை நுணுக்குங்கள், ஆனால் எல்லாத் திசையிலும் அல்ல. நிபந்தனை இயக்கத் திசைக்கு மட்டும்தான். 130 மி.மீ. ஆரத்தில் எலிமென்ட் நீளம் 2.2 மி.மீ.க்குள் இருந்தால் போதும். தட்டைச் சுற்றி 400 பிரிவுகள் போட்டால் 2.04 மி.மீ. வரும், பெக்லே 0.92. ஒன்றைக் கவனியுங்கள்: சம கோணப் பிரிவில் வெளியே போகப் போக வேகமும் கூடும், எலிமென்ட் நீளமும் கூடும். எனவே பெக்லே எண் ஆரத்தின் வர்க்கமாக ஏறும். 150 மி.மீ. விளிம்பில் அதே 400 பிரிவு 1.2 தரும். அங்கேயும் 1-க்குள் வர வேண்டுமானால் 500 பிரிவு. ஆரத் திசையில் 3, 4 மி.மீ. இருந்தால் கெட்டுப்போகாது. தடிமனில் நான்கு அடுக்கு போதும், 40 மி.மீ. முனைக்கு இந்த வேகத்தில் ஸ்கின் டெப்த் (மின்னோட்டம் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம்) 5.3 மி.மீ. அளவில் இருக்கும். தானியங்கி டெட்ரா (நான்முகி) மெஷ்ஷை விட்டுவிட்டு, தட்டின் முகத்தில் வரைந்ததைத் தடிமன் வழியாக இழுக்கும் ஸ்வெப்ட் மெஷ்ஷைப் போட்டால் எலிமென்ட் எண்ணிக்கை பெரிதாக ஏறாது.

இரும்பில் கதை வேறு. ஜெர்மனியின் ஐசிஇ 3 அதிவேக ரயிலில் இருக்கும் லீனியர் எடி கரண்ட் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் அதிவேகப் பாதையில் அது வழக்கமான பிரேக்காகவே பயன்படுகிறது; அங்கே தண்டவாளமே கடத்தி. ஒப்பு உட்புகுதிறன் 100, கடத்து எண் 4.5 × 10⁶ என்று வைத்தால் பெருக்கல் 565. மணிக்கு 300 கி.மீ. என்பது 83 மீ/வி. எலிமென்ட் நீளம் 0.04 மி.மீ.க்குள் வர வேண்டும்! இரண்டு மீட்டர் தண்டவாளத்துக்கு நீளவாக்கில் மட்டும் ஐம்பதாயிரம் பிரிவு. யாரும் அதைச் செய்யப் போவதில்லை. இங்கேதான் அப்விண்ட் முறைகள் தேவைப்படுகின்றன.

அப்விண்ட் என்பது இயக்கத் திசையில் கொஞ்சம் செயற்கைப் பரவலைச் சேர்ப்பது. எவ்வளவு சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழு அப்விண்ட் போட்டால் பரவல் (1 + பெக்லே) மடங்காகிறது. பெக்லே 3 என்றால், இயக்கத் திசையில் உலோகத்தின் மின்தடை எண்ணை நீங்களே நான்கு மடங்காக்கிவிட்டீர்கள் என்று பொருள். படம் அழகாக இருக்கும், டார்க் (முறுக்கு விசை) வளைவு தவறாக இருக்கும். ஒரு பரிமாணத்தில் சரியான அளவு தெரிந்ததுதான்: பெக்லேயின் ஹைப்பர்போலிக் கோடேன்ஜென்டிலிருந்து 1 ÷ பெக்லேயைக் கழித்தால் வரும் பின்னம். பெக்லே 3-க்கு அது 0.67. எஸ்.யூ.பி.ஜி. என்ற அப்விண்ட் முறை இதையே வேகத்தின் திசையில் மட்டும் சேர்க்கிறது, அதுவும் சமன்பாட்டின் எஞ்சிய பிழைக்கு ஏற்ப. எனவே சரியான விடையை அது குலைக்காது. அப்படியும் வேகத்துக்கு இணையாக ஓடும் எல்லையில், அதாவது கடத்தியின் பக்கவாட்டு முகத்தில், பிழை தேங்கும். அங்கே மெஷ்ஷைத் தாராளமாக நுணுக்கியே ஆகவேண்டும். மேலே சொன்ன தண்டவாளத்தில் முனை இடைவெளி 100 மி.மீ. என்றால் ஸ்கின் டெப்த் 1.2 மி.மீ.தான். அதில் நான்கைந்து அடுக்கு இல்லாமல் எந்த முறையும் காப்பாற்றாது.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் சரிசெய்து பார்க்கும் குமிழ் எதுவும் இல்லை. தட்டின் எதிர்வினைப் புலத்தை மட்டும் தெரியாததாக வைத்து, காந்தத்தின் புலத்தை மூலமாகக் கொடுப்பீர்கள் அல்லவா? அந்த மூலத்தை ஒவ்வொரு புள்ளியிலும் சூத்திரத்திலிருந்து நேரே எடுக்காதீர்கள். அதன் வெக்டார் பொட்டென்ஷியலை (வகையிட்டால் புலத்தைத் தரும் அளவை) நோடுகளில் வைத்து, அதே ஷேப் ஃபங்ஷன்களால் (நோடு மதிப்புகளை எலிமென்டுக்குள் பரப்பும் சார்புகளால்) புலமாக மாற்றிக் கொடுங்கள். நோடுக்கு நோடு குறி மாறும் கூறு மூலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். விகிதம் −1-ஐ நெருங்கும் உயர் வேகத்தில் துள்ளலைத் தூண்ட எதுவும் மிஞ்சாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த வழியில் வேலை செய்து வெளியிட்டிருக்கிறார்கள்.

சரி, வேக உறுப்பையே போடலாமா கூடாதா என்பது தனிக் கேள்வி. இயக்கத் திசையில் கடத்தியின் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். வெறும் தட்டு, நீண்ட தண்டவாளம், குழாய் ஆகியவற்றுக்குச் சரி. தட்டில் காற்றோட்டத் துளைகளோ வெட்டுகளோ இருந்தால் கூடாது. துளை நகராமல் உலோகம் மட்டும் அதன் வழியே ஓடுவது போன்ற அபத்தமான கணக்கு வரும். அப்போது மெஷ்ஷையே சுழற்ற வேண்டும், நேர அடுக்குகளில் (டைம் ஸ்டெப்களில்). 400 பிரிவுள்ள சறுக்கு இடைமுகத்தில் ஒரு பிரிவு 0.9 பாகை, 1,500 சுற்றில் அதைக் கடக்க 0.1 மில்லி விநாடி. நேர அடுக்கை அதற்குச் சமமாகவே வைத்தால் நோடுகள் ஒவ்வொரு முறையும் நேருக்கு நேர் பொருந்தும், டார்க்கில் போலி அலை வராது. நேரத்தில் நகர்த்தும் முறைகளில், தொடக்க அடுக்குகளுக்கு பேக்வர்ட் ஆய்லர் போடுங்கள். இன்னொரு முறையான கிராங்க்–நிக்கல்சன் திடீர்த் தொடக்கத்தில் நேரவாக்கில் துள்ளும், அதைப் பார்த்து மறுபடி மெஷ்ஷைச் சந்தேகிப்பீர்கள். மெஷ் சுழலும்போது வேக உறுப்பும் சேர்ந்து இயங்கினால் இயக்கம் இரண்டு முறை கணக்கில் வரும். இது நடக்கும் தவறுதான்: பழைய மாடலில் சுழற்சியைச் சேர்ப்பார்கள், லாரன்ட்ஸ் உறுப்பை (அதே வேக உறுப்பை) அணைக்க மறப்பார்கள்.

காந்தம் நகர்ந்து கடத்தி நின்றால் காந்தத்தோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். கடத்தி எதிர்த்திசையில் ஓடும், நேர வகைக்கெழு போய்விடும், ஒரே தீர்வில் நிலைத்த விடை.

சால்வர் பற்றி ஒரு வரி: வேக உறுப்பு சேர்ந்ததும் மேட்ரிக்ஸ் சமச்சீர் இழக்கிறது. சமச்சீரை நம்பும் கான்ஜுகேட் கிரேடியன்ட் வேலைக்கு ஆகாது; சமச்சீர் தேவைப்படாத ஜி.எம்.ரெஸ். அல்லது பைசிஜிஸ்டாப், நினைவகம் போதுமானால் நேரடி சால்வர். இரும்பின் பி–ஹெச் வளைவும் (நேர்கோடாக இல்லாத காந்தமாகும் வளைவும்) சேர்ந்தால் முழு வேகத்தில் நேரே தொடங்க வேண்டாம். சுழியத்திலிருந்து படிப்படியாக ஏற்றி, முந்தைய விடையை அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுங்கள்.

விடையைச் சரிபார்ப்பதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று. நிலைகாந்த பிரேக்கில், நிலைத்த வேகத்தில் டார்க் × கோணவேகம் = தட்டில் எழும் வெப்பம். இது பொருந்திவிட்டது, எனவே விடை சரி என்று எழுதுவார்கள். ஆனால் டார்க்கை எப்படி எடுத்தார்கள்? தட்டுக்குள் மின்னோட்டத்தையும் புலத்தையும் குறுக்குப் பெருக்கித் தொகுத்திருந்தால், அது வெப்பத்தோடு பொருந்துவது வெறும் இயற்கணித முற்றொருமை. முள் முள்ளாக இருக்கும் தவறான விடைக்கும் அது அப்படியே பொருந்தும்! காற்று இடைவெளியில் மேக்ஸ்வெல் ஸ்ட்ரெஸ் (புலத்திலிருந்தே விசையைத் தரும் சூத்திரம்) கொண்டு டார்க்கை எடுத்து, அதை வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெஷ்ஷின் தரத்தைச் சொல்லும்; அது 2 சதவீதத்துக்குள் வரும்வரை நுணுக்குவது நல்லது. அந்த முற்றொருமைகூடப் பொருந்தவில்லை என்றால் கோளாறு மெஷ்ஷில் இல்லை, சூத்திரத்தில். மின்னோட்டத்தில் வேகம் × புலம் என்ற பகுதியைச் சேர்க்கவில்லை, அல்லது ஸ்கேலார் பொட்டென்ஷியலை (தட்டில் சேரும் மின்னழுத்தத்தை) விட்டுவிட்டீர்கள். அதை விட்டால் தட்டின் விளிம்பில் மின்னோட்டம் திரும்ப வழியின்றிக் காற்றுக்குள் பாய்வது போல வரும். வெப்பம் தாறுமாறாகக் கூடும்.

கையால் ஒரு மதிப்பீடும் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகட்டுக்கு, சுற்றிலும் இரும்பு இல்லாதபோது, இழுவிசை உச்சமாகும் வேகம் 2 ÷ (உட்புகுதிறன் × கடத்து எண் × தடிமன்). மேக்ஸ்வெல் 1872-ல் தகட்டுக்குச் செய்த விலகிச்செல்லும் பிம்பக் கணக்கின் வழியில் வருவது இது. உங்கள் தட்டுக்கு 7.6 மீ/வி. 20.4-இல் நீங்கள் உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். விசை உச்சத்தில் சுமார் 65 சதவீதம்தான் இருக்க வேண்டும். சிமுலேஷன் டார்க் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால் எங்கோ தவறு.

இந்த மதிப்பீட்டிலேயே இன்னொன்றும் வெளிப்படும். மென்பொருள் நூலகத்தில் வெறும் ‘அலுமினியம்’ என்று எடுத்தால் கடத்து எண் 3.8 × 10⁷ பக்கம் வரும். தட்டு 6061-டி6 என்ற அலுமினியக் கலவையாக இருந்தால் உண்மை 2.5 × 10⁷. உச்ச வேகம் 7 மீ/வி-யிலிருந்து 10.6-க்கு நகர்கிறது, 130 மி.மீ. ஆரத்தில் 510 சுற்றுக்கும் 780 சுற்றுக்கும் உள்ள தூரம். மெஷ்ஷில் ஒரு வாரம் செலவழிப்பதற்கு முன் உலோகக் கலவையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். தட்டு சூடேறினாலும் இதே திசையில்தான் நகரும்: தூய அலுமினியத்துக்கு 100 பாகை செல்சியஸ் ஏற்றத்தில் மின்தடை 39 சதவீதம் கூடும்.

இருபரிமாண மாடலில் இதைச் செய்பவர்களுக்கு: தட்டை முடிவில்லாத பட்டையாக விரித்தால் மின்னோட்டம் திரும்பும் பாதை காணாமல் போகிறது. ரஸ்ஸல்–நார்ஸ்வொர்தி திருத்தம் (1958) போட்டுக் கடத்து எண்ணைக் குறையுங்கள். முனை நீளமும் முனை இடைவெளியும் சமமாக, கடத்தி முனைக்கு வெளியே நீளாமல் இருந்தால் பெருக்கும் எண் 0.42. திருத்தம் இல்லாமல் வரும் உச்ச வேகம், நிஜத்தில் பாதிக்கும் கீழ்.

சொந்த மாடலுக்குப் போகும் முன் டீம் (TEAM) எனப்படும், மின்காந்த மென்பொருள்களைச் சரிபார்ப்பதற்கான பொதுச் சோதனைக் கணக்குகளில் இரண்டை ஓட்டிப் பாருங்கள். 28-ஆம் கணக்கு: இரண்டு சுருள்களுக்கு மேல் மிதக்கும் அலுமினியத் தட்டு, 0.107 கிலோ, 50 ஹெர்ட்ஸ், 20 ஆம்பியர். 3.8 மி.மீ. உயரத்தில் தொடங்கி ஆடி அடங்கி 11.3 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். நகரும் மெஷ்ஷையும் விசைக் கணக்கையும் ஒன்றாகச் சோதிக்க ஏற்றது. 30-ஆம் கணக்கு: அலுமினிய உறை போட்ட இரும்பு ரோட்டர், மும்முனை மின்சாரம், 60 ஹெர்ட்ஸ், இரண்டு துருவம், கோணவேகம் 1,200 ரேடியன்/வி வரை. இதற்குப் பகுப்பாய்வு விடையே உண்டு, வேக உறுப்பை நேரே ஒப்பிடலாம். புலம் சுழலும் வேகமான 377 ரேடியன்/வி-யில் டார்க் சுழியமாகிக் குறி மாற வேண்டும். மாறவில்லை என்றால் மெஷ்ஷைத் தொடாதீர்கள். வேகத்தின் குறியையும் பேஸ் வரிசையையும் பாருங்கள்.