மைலேஜ் 17-லிருந்து 14: ஏர் ஃபில்டர் மேல் பழி போடுவதற்கு முன்

ஃபில்டர் கறுத்துவிட்டது, அதனால்தான் மைலேஜ் 14-க்கு இறங்கியது, எண்ணெய் தடவும் ரேஸிங் ஃபில்டர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

உங்களுடையது இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டி. உள்ளே போகும் காற்றைச் சென்சார் அளக்கிறது, சுமார் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) சரிசெய்துகொள்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் வால்வே (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) காற்றைப் பாதி மறித்துத்தான் நிற்கிறது, ஃபில்டர் அடைப்பு அதற்கு முன் சின்ன விஷயம். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்ததிலும் இப்படித்தான்: மைலேஜ் கிட்டத்தட்ட மாறவில்லை, பிக்கப் மட்டும் அடிவாங்கியது. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் கதை வேறு.

கறுத்ததை மாற்றுங்கள், சாதாரண பேப்பர் ஃபில்டரே போதும். எண்ணெய் வகையில் எண்ணெய் கூடிப்போனால் காற்றை அளக்கும் சென்சாரின் கம்பியில் படிந்து, அளவே தப்பாகிவிடும். தேவையா இது?

அப்புறம், டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் சக்கரத்தின் அருகே கை வையுங்கள் (தொடாமல்!); ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதுவும் இல்லையென்றால் ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் ஆக்ஸிஜனை அளப்பது), தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைச் சீராக வைப்பது) இரண்டையும் சோதித்துப் பாருங்கள்.