ஃப்ளூ இறங்குமுகமா? எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் ஊர் கிளினிக்குகளில் நிற்க இடமில்லை. பண்டிகை வாரத்தில் பாதிக் கூட்டம்தான். ஃப்ளூ அடங்கிவிட்டதா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட வேண்டாம். பண்டிகை நேரத்தில் பலரும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிப்பார்கள். ஆகவே தலையை எண்ணாமல் விகிதத்தைப் பாருங்கள். ஒரு வாரம் ஓ.பி.க்கு 400 பேர் வந்து 60 பேருக்கு ஃப்ளூ அறிகுறி என்றால், நூற்றுக்கு 15. அடுத்த வாரம் 200 பேரில் 40 பேர் என்றால், நூற்றுக்கு 20. கூட்டம் பாதியானாலும் நோய் குறைந்ததற்கு அடையாளமே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு வருகிறவர்கள் அந்த வாரம் வராததால் விகிதமும் ஊதித் தெரியும். எனவே பண்டிகை வாரத்தைத் தனியாக வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

யாரை எண்ணுவது என்பதும் முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், இரண்டும் கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வெறும் 'காய்ச்சல்' என்று எண்ணினால், மழைக்காலத்து டெங்குவும் டைபாய்டும் அதில் கலந்துவிடும்.

அறிகுறிக் கணக்கை ஸ்வாப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உறுதி. எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு எத்தனை பாசிட்டிவ் என்பதே கேள்வி. மாதிரியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஐஸ் உருகிய பெட்டியில் வந்தால் வைரஸ் சிதைந்து நெகட்டிவ் காட்டலாம். வராத இறக்கம் வந்ததுபோல் தெரிவது இப்படியும்தான்.

கேள்வி: டெல்லியில் மழைக்காலம் முடிந்ததோடு ஃப்ளூவும் குறைந்தது என்கிறார்கள். இங்கே ஏன் அதற்குப் பிறகு ஏறுகிறது?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: வட இந்தியாவின் பல இடங்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ உச்சம் தொடும். வேலூர், சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதன் காலம். டெல்லி செய்தியை வைத்து இங்கே கணிக்க முடியாது.

கேள்வி: பழைய வேலூர் மாவட்டக் கணக்கோடு இந்த ஆண்டை ஒப்பிடலாமா? அலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?
- ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: 2019-இல் வேலூர் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. உங்கள் ஊர் இப்போது ராணிப்பேட்டையில்; ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். மூன்றையும் கூட்டாமல் பழைய எண்ணோடு ஒப்பிட்டால், பாதி நோய் ஓடிவிட்டதாகத் தோன்றும்.

கடைசி வாரத்து எண்ணை எப்போதும் பென்சிலில்தான் எழுத வேண்டும். தாமதமாக வரும் அறிக்கைகளால் அது பின்னால் ஏறும். அறிகுறி விகிதமும் பாசிட்டிவ் விகிதமும் தொடர்ந்து மூன்று வாரம் சேர்ந்தே இறங்கினால் நம்பலாம். வார்டில் சேர்கிறவர்கள் குறைய மேலும் ஓரிரு வாரம் பிடிக்கும். ஃப்ளூ வைரஸில் 'ஏ' வகை இறங்கிய பின் 'பி' வகை தலைகாட்டுவதும் உண்டு என்பதால், வகைவாரியாகத் தனித்தனிக் கோடு போட்டுப் பாருங்கள்.