சனிக்கிழமை ராத்திரி என்ன படம் போடுவது?

கேள்வி: நானும் கணவரும், எட்டு வயது மகள், காலேஜ் படிக்கும் கொழுந்தன், மாமியார் என வீட்டில் ஐந்து பேர். சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்பது என்று ஆரம்பித்தோம். சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் என்ன படம் என்று முடிவு செய்யவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஒருவழியாக ஒன்றைப் போட்டால் அரை மணி நேரத்தில் மாமியார் தூங்கிவிடுகிறார், மகள் நச்சரிக்கிறாள், கணவர் போனை எடுத்துவிடுகிறார். எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு பட்டியல் தர முடியுமா? இல்லை, பேசாமல் தியேட்டருக்கே போய்விடலாமா?
ரிமோட்டோடு மல்லுக்கட்டுபவர், திருநெல்வேலி

பதில்: பட்டியல் தரலாம், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டும் நீங்கள் ஐந்து பேரும் ஒரு மணி நேரம் சண்டை போடுவீர்கள். உங்கள் வீட்டில் படத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்பது மணிக்கு, வயிறு நிறைந்த பிறகு, ஐந்து பேர் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிடித்ததைத் தேடுவதுதான் பிரச்சினை. அப்படித் தேடினால் கடைசியில் யாருக்கும் பெரிதாக ஆட்சேபணை இல்லாத ஒரு படம் மாட்டும், யாரும் ஆசைப்பட்டும் இருக்க மாட்டார்கள். பிறகு தூக்கம் வராமல் என்ன செய்யும்?

அதனால் ஓட்டெடுப்பை நிறுத்துங்கள். வாரம் ஒருவர் முறை. அவர் வெள்ளிக்கிழமைக்குள் படத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும், மற்ற நாலு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. கணவர் முறையில் நீங்கள் கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள், உங்கள் முறையில் அவர் போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காரட்டும். நட்சத்திர மதிப்பெண் பார்த்து எடுப்பதையும் விடுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தவர் கொடுத்த எட்டுக்கும் உங்கள் ஹாலுக்கும் என்ன சம்பந்தம்?

தேர்ந்தெடுப்பவருக்கு நிபந்தனை என்று வைத்தால் ரெண்டே ரெண்டு போதும். முதலாவது மகளின் வயது. இப்போது தணிக்கைச் சான்றிதழிலேயே யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஓடிடியில் வரும் தொடர்களுக்கும் படங்களுக்கும் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயதுக் குறிப்பு உண்டு, அதை அந்தந்தத் தளமே போட்டுக்கொள்கிறது. படம் தொடங்கும்போது மூலையில் வயதும், வன்முறையா கெட்ட வார்த்தையா என்கிற காரணமும் வந்து போகும். ஆனால் அப்போது பார்த்துவிட்டு நிறுத்தினால் பிள்ளை அழும், முந்தின நாளே பாருங்கள். இரண்டாவது, மாமியார் தூங்கும் நேரம். பத்து மணிக்குக் கண் சொக்குகிறவருக்கு ஒன்பதரைக்குப் படம் போட்டுவிட்டு, தூங்கிவிட்டார் என்று குறை சொல்வது நியாயமே இல்லை. ஏழரைக்குத் தொடங்குங்கள், தட்டை டிவி முன்னாடியே கொண்டுவாருங்கள், ஒரு நாள்தானே.

முதல் முறையை மாமியாருக்கே கொடுங்கள். "உங்களுக்கு என்ன அத்தை வேணும்?" என்று கேட்டால் முதலில் "எதையாவது போடுங்க" என்றுதான் சொல்வார், விடாமல் கேளுங்கள். என்னைக் கேட்டால் 1957இல் வந்த மாயாபஜாரை அவர் காதில் போட்டு வைப்பேன். கே.வி. ரெட்டி இயக்கியது, தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் கல்யாணச் சாப்பாட்டின் முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்து 'கல்யாண சமையல் சாதம்' என்று பாட, லட்டுகள் தாமாகவே எழும்பி அவர் வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்த வேலை, இன்றைக்கும் எட்டு வயதுப் பிள்ளை ரிவைண்ட் பண்ணச் சொல்லும். நீளமான படம்தான். இடைவேளையோடு நிறுத்தி மீதியை ஞாயிறு மத்தியானம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மூச்சில் பார்த்தே தீர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மகள் முறைக்கு காக்கா முட்டை (2015). மணிகண்டனின் முதல் படம், ரெண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பீட்சாவுக்கு ஏங்கும் ரெண்டு பையன்களுக்காக அவர்களுடைய பாட்டி விளம்பரத் தாளைப் பார்த்து, தோசை மேல் காய்கறியைப் பரப்பி ஒரு பீட்சா சுட்டுக் கொடுப்பார். அந்த இடத்தில் டிவியைப் பார்க்காதீர்கள், உங்கள் மாமியார் முகத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் படம் பார்க்கலாமா என்று கொழுந்தன் கேட்பார், கேட்கட்டும். ஆனால் ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு உங்கள் மகளாலேயே படிக்க முடியாது, அப்புறம் ஆச்சி எங்கே படிப்பது. தமிழ் ஆடியோ இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வசனத்தை நம்பாத படமாக எடுக்கச் சொல்லுங்கள். மஜீத் மஜீதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) அப்படி ஒன்று. தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுகிறான், வீட்டில் சொல்லப் பயந்து ரெண்டு பேரும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஒன்றரை மணி நேரம்தான். பாதி புரியும், மீதியை நீங்கள் ரெண்டு வரியில் சொல்லிவிடலாம்.

கைதி மாதிரிப் படங்களை இந்தச் சனிக்கிழமைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஆச்சியும் பேத்தியும் படுத்த பிறகு அண்ணனும் தம்பியும் வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் பிடிக்கும் என்றால் சேர்ந்துகொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் போய்த் தூங்குங்கள்.

தியேட்டர் விஷயம். வாராவாரம் ஐந்து பேர் போனால் டிக்கெட்டைவிட பாப்கார்னே பர்ஸைக் காலி பண்ணிவிடும். மாதம் ஒரு தடவை போங்கள், கூட்டத்தோடு பார்த்தால் ருசிக்கிற படத்துக்கு மட்டும். அது புதுப் படமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2004இல் வந்த கில்லியை 2024இல் மறுபடி வெளியிட்டபோது வசனமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் தியேட்டரை நிறைத்தார்கள். மெதுவாகப் பேசிக்கொண்டே நகர்கிற படம் வீட்டுக்கே போதும். மாமியாரையும் கூட்டிப்போவதாக இருந்தால் ராத்திரி ஆட்டம் வேண்டாம், மேட்னி பாருங்கள், அதிகம் படி ஏறாத வரிசையில் ஓரத்துச் சீட்டாக எடுங்கள். ஏசி குளிருக்கு மகளுக்கு ஒரு ஸ்வெட்டரும், அத்தைக்கு ஒரு சால்வையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.