அடிபடாத காலில் ரத்தக்கட்டி எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நிமோனியாவுக்காகப் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பியதும் இடது கெண்டைக்கால் வீங்கியது. டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி தெரிந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையணுக்கள் 13,000. காலில் அடியே படவில்லை. பிறகு எப்படி உறைந்தது? வீக்கத்துக்கு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: டைக்ளோஃபினாக் வேண்டாம். அபிக்ஸபானுடன் சேர்ந்தால் வயிற்றிலும் குடலிலும் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

சிரையில் ரத்தம் உறையக் காயம் தேவையில்லை. படுத்தே கிடந்தால் சிரை வால்வுகளின் மடிப்புகளில் ரத்தம் தேங்கும். அங்கே ஆக்சிஜன் குறைந்ததும் சிரையின் உட்சுவர் பிசுபிசுப்பான புரதங்களை வெளியே நீட்டும். நிமோனியாவால் ஏற்கெனவே உசுப்பப்பட்டிருக்கும் வெள்ளையணுக்கள் அதில் வந்து ஒட்டும். அவற்றில் மோனோசைட்டுகள் 'திசுக் காரணி' என்ற புரதத்தைக் காட்டி உறைதலைத் தொடங்கிவைக்கும். இன்னொரு வகையான நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசும். கிருமிகளைப் பிடிப்பதற்கான இந்த வலை 2004இல் கண்டறியப்பட்டது; தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அதில் சிக்கிக் கட்டியாகும் என்பது 2010இல் தெரிந்தது. கிருமி பரவாமல் அணைகட்டும் பழைய தற்காப்பு உத்தி, கிருமியே இல்லாத காலில் அரங்கேறிவிடுகிறது.

அப்படியானால் வெள்ளையணுக்களின் இந்த எழுச்சியை, அதாவது அழற்சியை, மருந்தால் அடக்கினால் கட்டி கரையுமே என்று தோன்றும். நியாயமான யோசனைதான். ஆனால் கட்டியை அரித்துச் சுத்தம் செய்வதும் இதே வெள்ளையணுக்கள்தான். அபிக்ஸபான் கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுக்கிறது, கரைக்கும் வேலையை உடல் செய்கிறது. அதற்குக் குறைந்தது 3 மாத அவகாசம் கொடுப்பது வழக்கம். வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

13,000 என்ற எண்ணுக்காகக் கவலை வேண்டாம். நிமோனியாவும் கட்டியும் அதை உயர்த்தக்கூடியவை. ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதுவும். அதை வைத்துக் கட்டியின் அளவைக் கணிக்க முடியாது.

எண்ணெய் போட்டுக் காலை நீவிவிடச் சொந்தக்காரர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள், கட்டியின் துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மருத்துவர் தடுக்கவில்லை என்றால் நடக்கட்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் - எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.