எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு, ஹாஸ்டலுக்கு எல்லாம் கொடுத்தது போக மாதம் 3,000 மிச்சம் பிடிக்கலாம். அதை எஸ்.ஐ.பி.யில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) போடச் சொல்கிறாள் தோழி. ஏலச்சீட்டில் சேரச் சொல்கிறார் அம்மா. வங்கியில் 25,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி, ஆனால் மினிமம் தொகை 2,000 தவறாமல் கட்டிவிடுகிறேன். சேமிப்பை எதில் தொடங்கலாம்? - வாசகி, ஒரகடம்.

பதில்: போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்தக் கார்டு பாக்கியில்தான் தொடங்க வேண்டும்.

ஸ்டேட்மென்ட்டை எடுத்து வட்டி விகிதத்தைப் பாருங்கள். பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதம் போல இருக்கும். 40,000-க்கு 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 252. நீங்கள் கட்டும் 2,000-இல் அசலுக்குப் போவது 350 ரூபாய்கூட இல்லை. எஃப்.டி.க்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருடம் முழுக்கச் சேர்ந்து 1,750 ரூபாய்தான் வரும். கிட்டத்தட்ட அதே தொகை இங்கே ஒரே மாதத்தில் போகிறது!

எஃப்.டி.யை உடையுங்கள். முன்கூட்டி எடுத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள், பரவாயில்லை. 25,000-ஐ அப்படியே கார்டில் கட்டுங்கள். மீதி 15,000-க்கு அந்த 2,000-உம் இந்த 3,000-உம் சேர்த்து மாதம் 5,000 கட்டினால் நான்காவது மாதம் கடன் தீரும். அதுவரை கார்டைத் தேய்க்காதீர்கள். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். திடீரென்று மருத்துவச் செலவு வந்தால் மட்டும் கார்டை எடுங்கள். கட்டிய அளவுக்கு லிமிட் திரும்பியிருக்கும்.

அப்புறம் அதே 5,000-ஐ, சம்பளம் கணக்கில் ஏறிய மறுநாளே தானாகப் பிடிக்கும்படி ஆர்.டி.யில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். மாசக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. மூன்று மாதச் செலவுக்கான தொகை சேர்ந்த பிறகு தோழி சொன்னதைக் கேளுங்கள், ஐந்து வருடம் தொடத் தேவைப்படாத பணமாக இருந்தால்.

அம்மாவின் சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். தெருவில் நடத்தும் அக்கா தங்கமானவராகவே இருக்கலாம். சீட்டு எடுத்த நாலு பேர் கட்டாமல் நின்றால் அவர்தான் என்ன செய்வார்?

இன்னொன்று: முழுவதும் கட்டிய மறுமாதமும் ஸ்டேட்மென்ட்டில் சில்லறை வட்டி வரும். முந்தைய பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. பதறாமல் அதையும் கட்டிவிடுங்கள். விட்டால் லேட் ஃபீஸ் போடுவார்கள்.